ஆயுதம் ஏந்திய தனிமை: அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாடு பற்றிய எழுத்துகள் – ஒரு மதிப்பாய்வு

இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வில் இரண்டாம் இயலைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஓர் இடத்தில் வகுப்பு சற்று நின்றுவிடும். பாலை மக்களையும் நகர மக்களையும் அவர் ஒப்பிடும் இடம் அது. நகரத்தார் தம் உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்பை ஆட்சியாளரிடமும் படையினரிடமும் ஒப்படைத்துவிட்டு, மதில்களுக்குள் கவலையின்றி உறங்குகின்றனர். ஆயுதங்களை எப்போதோ களைந்துவிட்டனர். பாலை மக்களுக்கு மதிலுமில்லை, காவலருமில்லை. எனவே தம் காவலை அவர்கள் பிறரிடம் விடுவதில்லை. எந்நேரமும் ஆயுதத்துடனேயே திரிகின்றனர். வழியின் எல்லாப் பக்கங்களையும் நோக்கியபடியே நடக்கின்றனர். இதுவே அப்பகுதியின் சாரம்.

2022ஆம் ஆண்டில் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி என்னும் சிற்றூரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த 18 வயது இளைஞன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் சுட்டுக் கொன்ற செய்தி எல்லார் நெஞ்சிலும் புதிதாக இருந்தது. ஒரு மாணவர் எழுந்து, “ஹஸ்ரத், அப்படியென்றால் அமெரிக்கர்கள் நகரத்தாரா, பாலை மக்களா?” என்று கேட்டார். “நகரத்தார்தாம், ஆனால் பித்துப் பிடித்த நகரத்தார்” என்று நான் சொன்னேன். வகுப்பு சிரித்தது. பாடம் தொடர்ந்தது.

அவ்விடை தவறு என்பதை அன்றிரவே உணர்ந்தேன். ஒரு சமுதாயத்தைப் பித்தர் கூட்டம் என்று சொல்லிவிட்டால் அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் அறிய வேண்டியதில்லை என்றாகிவிடும். நம்மைப் பற்றிப் பிறர் இவ்வாறு பேசும்போது நாம் வருந்துகிறோம். நம் நூல்களைப் படியுங்கள், நம் மக்களோடு பழகுங்கள் என்கிறோம். அதே நீதியை நாம் பிறருக்கு வழங்க வேண்டாமா? இக்கேள்வியே அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாடு குறித்து அந்நாட்டு அறிஞர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கத் தூண்டிற்று. அவ்வாசிப்பின் மதிப்பீடே இக்கட்டுரை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஜெனீவாவிலிருந்து இயங்கும் சிறு ஆயுதங்கள் ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகெங்கும் குடிமக்கள் கையிலிருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 85 கோடியே 70 லட்சம். அவற்றுள் 39 கோடிக்கு மேற்பட்டவை அமெரிக்காவில் இருந்தன. 100 பேருக்கு 120 துப்பாக்கிகள் என்பது அதன் பொருள். கணிசமான மக்கள்தொகை கொண்ட நாடுகளுள் அடுத்த இடத்தில் இருந்த யமனில் 100 பேருக்கு ஏறத்தாழ 53.

இவ்வெண்ணைக் கேட்பவர், அமெரிக்கர் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி தொங்குவதாக எண்ணிக்கொள்வார். உண்மை அதுவன்று. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கணக்கெடுப்பில், தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறிய வயதுவந்தோர் 32 விழுக்காட்டினரே. ஆண்களில் 40, பெண்களில் 25. நாட்டுப்புறத்தில் 47, நகர்ப்புறத்தில் 20 என்று அது வேறுபடுகிறது. 2015இல் நடைபெற்ற மற்றோர் ஆய்வோ, நாட்டின் துப்பாக்கிகளில் ஏறக்குறையப் பாதி வயதுவந்தோரில் 3 விழுக்காட்டினரிடமே குவிந்திருப்பதாகக் காட்டியது. பெரும்பான்மையோரிடம் துப்பாக்கியே இல்லாத ஒரு நாடுதான் உலகிலேயே மிகுதியான துப்பாக்கிகளைக் கொண்ட நாடாகவும் இருக்கிறது.

மரணக் கணக்கிலும் இத்தகைய திருப்பம் ஒன்று உண்டு. 2023இல் துப்பாக்கியால் இறந்த அமெரிக்கர் 46,728 பேர். நம் செய்தித்தாள்களை மட்டும் படிப்பவர் இவர்களெல்லாம் பள்ளிகளிலும் அங்காடிகளிலும் வெறியர்களால் கொல்லப்பட்டவர் என்று கருதக்கூடும். அத்தகைய கூட்டுக் கொலைகளில் மாண்டவர் இத்தொகையில் மிகச் சிறு பங்கினரே. ஏறத்தாழ 18,000 பேர் கொலையுண்டோர். 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பகைவனுக்கென்று வாங்கிய கருவி பெரும்பாலும் வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே உயிர் குடிக்கிறது. இதனை விளக்காத எந்த ஆய்வும் முழுமையான ஆய்வாகாது என்பதை அளவுகோலாகக் கொண்டே இவ்வெழுத்துகளை அணுக வேண்டியுள்ளது.

வரலாற்றில் வேர் தேடியவர்கள்

‘துப்பாக்கிப் பண்பாடு’ என்னும் தொடரை அறிவுலகில் நிலைநிறுத்தியவர் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர். 1970 அக்டோபரில், அவர் மறைந்த அதே மாதத்தில், வெளிவந்த கட்டுரை அது. தொழில்வளம் பெற்ற நாடுகளுள் அமெரிக்கா மட்டும் ஏன் துப்பாக்கியை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவர் எழுப்பிய கேள்வி. காடு திருத்திக் குடியேறிய எல்லைப்புற வாழ்வைப் பலரும் காரணமாகக் காட்டுவர். அது மட்டும் போதாது என்பதை ஹாஃப்ஸ்டாட்டர் உணர்ந்திருந்தார். நிலையான அரசுப் படையைக் கண்டு அஞ்சி, ஆயுதம் தாங்கிய குடிமக்களையே நாட்டின் காவலாகக் கருதிய பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அரசியல் சிந்தனையின் எச்சத்தையும் அவர் சுட்டினார். 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் அச்சிந்தனையின் குழந்தையே.

எல்லைப்புற விளக்கம் போதாது என்பதற்குப் பின்வந்த வரலாறே சான்று. ஆஸ்திரேலியாவும் குடியேறிகளின் நாடுதான். அங்கே 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்பப் பெற்று அழித்தது. மக்கள் பெருமளவில் உடன்பட்டனர். எனவே வேர் மண்ணில் மட்டும் இல்லை. அம்மண்ணைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலும் இருக்கிறது.

இக்கதையைத் தகர்க்க முற்பட்டவர் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பெல்லீல். 2000இல் வெளிவந்த ‘ஆர்மிங் அமெரிக்கா’ என்னும் நூலில், தொடக்கக் கால அமெரிக்கரிடம் துப்பாக்கி அரிதாகவே இருந்தது, உள்நாட்டுப் போருக்குப் பின்னரே அது பரவிற்று என்று இறந்தோரின் சொத்துப் பட்டியல்களைக் கொண்டு அவர் வாதிட்டார். நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2001இல் பான்கிராஃப்ட் பரிசும் கிட்டிற்று. பின்னர் பிற ஆய்வாளர்கள் அவர் காட்டிய ஆவணங்களைத் தேடிச் சென்றனர். எண்கள் பொருந்தவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் அவர் பார்த்ததாகக் கூறிய பதிவேடுகள் 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை. 2002இல் அவர் பதவி விலகினார். பரிசும் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நமக்கொரு பாடம் உண்டு. செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும் அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஏற்கலாகாது என்பது நம் மதரஸா மரபு கற்பிக்கும் முதல் ஒழுக்கம். பெல்லீலின் நூலைப் போற்றியவர்கள் அதன் முடிவை விரும்பினர். ஆகவே சான்றை ஆராயவில்லை. துப்பாக்கியை எதிர்ப்போர் தரப்பு இதனால் அடைந்த இழப்பு பெரிது. கல்வியாளர் எது சொன்னாலும் அது தமக்கெதிரான புனைவே என்று துப்பாக்கி உரிமையாளர் கருதுவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிற்று.

சந்தை செய்த வேலை

ஒருவர் சான்றில் தவறினார் என்பதால் அவர் எழுப்பிய கேள்வியே தவறென்றாகாது. 2016இல் பமீலா ஹாக் வெளியிட்ட ஆய்வு, அதே கேள்வியை வேறு வழியில், வின்செஸ்டர் நிறுவனத்தின் கணக்கேடுகளையும் கடிதங்களையும் கொண்டு அணுகிற்று. துப்பாக்கிப் பண்பாட்டை வாங்கியவரிடம் மட்டும் தேடாமல் விற்றவரிடமும் தேட வேண்டும் என்பது அவர் துணிபு. நியூ ஹேவன் நகரின் ஆலிவர் வின்செஸ்டர் அதற்குமுன் சட்டை தைத்து விற்ற வணிகர். துப்பாக்கியும் அவருக்கு மற்றொரு சரக்கே. எந்திரங்கள் ஓய்வின்றி உற்பத்தி செய்தன. அவற்றுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தியொன்றுண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அமெரிக்க அரசின் கொள்முதல் சுருங்கியபோது, வின்செஸ்டர் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளராக வாய்த்தது உதுமானிய அரசு. 1870, 1871ஆம் ஆண்டுகளில் 50,000 துப்பாக்கிகளை இஸ்தான்புல் வாங்கிற்று. 1877இல் பிளெவ்னா முற்றுகையின்போது உஸ்மான் பாஷாவின் வீரர்கள் ரஷ்யப் படையை எதிர்த்து நின்றது இவற்றையும் கொண்டுதான். ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று பிற்காலத்து விளம்பரத்தில் புகழப்பட்ட பெயர், அதற்கு முன்னரே கிழக்கின் போர்க்களத்தில் பழகிப்போனது. அமெரிக்கரின் ஆன்மாவோடு ஒன்றியதாகப் பேசப்படும் பொருள், தொடக்கத்தில் யாருக்கும் விற்கப்பட்ட சரக்காகவே இருந்தது என்பதை இது உணர்த்துகிறது.

எனினும் ஹாக்கின் விளக்கத்திலும் ஓர் இடைவெளி தென்படுகிறது. விளம்பரம் ஆசையை மூட்டும். அவ்வாசையைத் தலைமுறை தலைமுறையாக நீடிக்கச் செய்ய அதனால் மட்டும் இயலாது. தேசிய ரைபிள் சங்கத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1871இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கென்று முன்னாள் படை அதிகாரிகளால் தொடங்கப்பட்ட அமைப்பு அது. 1977இல் சின்சினாட்டி நகரில் கூடிய உறுப்பினர்களே பழைய தலைமையை ஒரே இரவில் அகற்றி, சங்கத்தைச் சமரசமற்ற அரசியல் அமைப்பாக மாற்றினர். மேலிருந்து வந்த தூண்டுதலன்று அது. கீழிருந்து எழுந்த வேகம். அண்மைக்காலத்தில் சங்கம் வழக்குகளாலும் ஊழல் குற்றச்சாட்டுகளாலும் தளர்ந்து, நெடுநாள் தலைவரும் 2024இல் விலகிய பின்னரும் துப்பாக்கி ஆர்வம் தளரவில்லை. ஆகவே வணிகரையும் சங்கத்தையும் மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நகர்வது முழு விடையாகாது.

உரிமையாளரோடு பழகியவர்கள்

இக்குறையை நிறைக்க வந்தவர்கள் களஆய்வு செய்த மானுடவியலாரும் சமூகவியலாரும் ஆவர். அபிகெயில் கோன் வடக்குக் கலிபோர்னியாவில் துப்பாக்கி ஆர்வலர்களோடு பழகி 2004இல் நூலொன்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையணிந்து பழைய துப்பாக்கிகளால் சுட்டு மகிழும் குழுக்களையும் அவர் கண்டார். அவர்கள் தம்மை வன்முறையாளராகக் கருதவில்லை. நல்ல குடிமக்களாகவே கருதினர்.

இத்துறையில் மிகுந்த ஆழம் கண்டவர் ஜெனிஃபர் கார்ல்சன் எனலாம். மிச்சிகன் மாநிலத்தில், மோட்டார் வாகனத் தொழில் சரிந்து வேலைகள் மறைந்த டெட்ராய்ட் வட்டாரத்தில் அவர் ஆய்வு செய்தார். தாமே துப்பாக்கி சுமக்கும் உரிமம் பெற்று, பயிற்சியாளர் தகுதியும் பெற்று உரிமையாளர்களோடு பழகினார். 2015இல் வெளிவந்த அவர் நூலின் மையக் கருத்து எளியது. உழைத்துச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குபவன் என்ற நிலையை இழந்த ஆண், காப்பவன் என்னும் நிலையைப் பற்றிக்கொள்கிறான். ஊதியம் தர இயலாதவன் பாதுகாப்பைத் தருவதாக எண்ணிக்கொள்கிறான். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இதில் அடங்குவர்.

காலத்தின் மாற்றமும் இக்கருத்தை வலியுறுத்துகிறது. 1999இல் துப்பாக்கி வைத்திருப்பதன் முதன்மைக் காரணம் என்னவென்று கேட்டபோது 49 விழுக்காட்டினர் வேட்டை என்றனர். பாதுகாப்பு என்றவர் 26 விழுக்காட்டினரே. 2013இல் பாதுகாப்பு என்றவர் 48, வேட்டை என்றவர் 32 என்று நிலை தலைகீழாயிற்று. தந்தையும் மகனும் காட்டுக்குக் கொண்டுசென்ற நீள்துப்பாக்கியின் இடத்தை, அங்காடிக்கும் அலுவலகத்துக்கும் இடுப்பில் மறைத்துச் செல்லும் கைத்துப்பாக்கி பிடித்தது. 1987இல் புளோரிடா இயற்றிய சட்டம் இதற்கு வழிகாட்டிற்று. 2024ஆம் ஆண்டின் முடிவில் 29 மாநிலங்களில் அதற்கு உரிமமே தேவையற்றதாகியிருந்தது. உச்ச நீதிமன்றமும் 2008இல் வீட்டுக்குள் வைத்திருப்பதையும், 2022இல் வெளியே சுமப்பதையும் தனிமனித உரிமையென்று தீர்ப்பளித்தது.

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டேவிட் யமானே இம்மாற்றத்தைத் துப்பாக்கிப் பண்பாட்டின் இரண்டாம் பதிப்பு என்கிறார். தாராளவாதக் கொள்கையுடைய அவர், நடுவயதில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர். 2024இல் அவர் எழுதிய நூலின் அடிப்படைச் செய்தி: துப்பாக்கி அமெரிக்காவில் இயல்பான பொருள், அதை வைத்திருப்போரும் இயல்பான மக்கள். 2019 தொடக்கம் முதல் 2021 ஏப்ரல் வரை புதிதாகத் துப்பாக்கி வாங்கிய 75 லட்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர் என்னும் ஆய்வு முடிவு அவர் கூற்றுக்கு அரண் சேர்க்கிறது.

இவ்வெழுத்துகளைப் படித்தபின், வகுப்பில் நான் சொன்ன ‘பித்து’ என்ற சொல் நிற்காது. இவர்களின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் கூற இயலாது. கொலராடோ மாநிலத்தின் கேஸில் ராக் நகர் தொடர்பான வழக்கில், தடையாணையை மீறிக் குழந்தைகளைக் கவர்ந்துசென்ற தந்தை அவர்களைக் கொன்றபோது, பலமுறை முறையிட்டும் காவல்துறை செயற்படவில்லை என்று தாய் வாதாடினார். தடையாணையைக் காவலர் செயற்படுத்தியே தீர வேண்டும் என்று கோரும் உரிமை அரசியலமைப்பில் அவருக்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. யுவால்டியிலோ 376 காவலர்கள் திரண்டும் 77 நிமிடங்கள் கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் நுழையாமல் காத்திருந்தனர். இப்னு கல்தூனின் நகரத்தான் காவலரை நம்பி உறங்கினான். காவலர் வரமாட்டார் என்று அறிந்த நகரத்தான் எவ்வாறு உறங்குவான்?

ஆயினும் பழகியவர் எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுடும் களத்துக்கு வருவோரையே ஆய்வாளர் சந்திக்கிறார். அங்கே வராதோரும் இருக்கின்றனர்: மேசை இழுப்பறையில் துப்பாக்கியைக் கண்டெடுக்கும் சிறுவன், கணவனின் கைத்துப்பாக்கிக்கு அஞ்சி வாழும் மனைவி, நள்ளிரவில் நம்பிக்கையிழந்த முதியவர். யமானே இவர்களை மறந்தவரல்லர். இடர்களைப் பற்றியும் எழுதுகிறார். ஆனால் இயல்பு என்பது அவர் நூலின் நடுவிலும், இழப்பு என்பது அதன் ஓரத்திலும் நிற்கின்றன. 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்களின் மரணக் காரணங்களில் துப்பாக்கியே முதலிடம் வகிக்கும்போது, எது ஓரம், எது நடு என்று கேட்கும் உரிமை வாசகர்க்கு உண்டு.

இழந்தவர்களை எண்ணியவர்கள்

மறுபுறம், துப்பாக்கி மரணத்தை நோயாகக் கொண்டு அணுகும் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் உள்ளனர். 1996இல் நாடாளுமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் இவர்களுக்கான கூட்டரசு நிதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய வறண்டு கிடந்தது. 2019இன் இறுதியில்தான் மீண்டும் நிதி ஒதுக்கப்பட்டது. இவ்வணியைச் சேர்ந்த மனநல மருத்துவரும் சமூகவியலாளருமான ஜோனதன் மெட்சல், 2019இல் வெளியிட்ட நூலில் மிசோரி மாநிலத்தை ஆராய்ந்தார். கைத்துப்பாக்கி வாங்க அனுமதி பெற வேண்டும் என்ற விதியை அம்மாநிலம் 2007இல் நீக்கிற்று. தளர்ந்த சட்டங்களின் விலையை மிகுதியாகக் கொடுத்தவர்கள் அச்சட்டங்களை விரும்பி வரவேற்ற வெள்ளையின ஆண்களே என்றும், அவ்விலை தற்கொலை வடிவில் வந்தது என்றும் அவர் காட்டினார்.

மெட்சலின் நேர்மை போற்றத்தக்கது. 2024இல் எழுதிய மற்றொரு நூலில் அவர் தம் அணியின் குறையைத் தாமே எடுத்துரைக்கிறார். துப்பாக்கியை நோய்க்கிருமி போலவும், எண்களைக் காட்டினால் மக்கள் திருந்திவிடுவர் என்றும் கருதியது தவறு. துப்பாக்கி அவர்களுக்கு அடையாளமாகவும் அதிகாரமாகவும் இருப்பதை நாங்கள் உணரவில்லை என்பது அவர் ஒப்புதலின் சாரம்.

அடையாளம் என்னும்போது நிறத்தை விட்டுவிட இயலாது. 1956இல் தம் வீட்டில் குண்டு வீசப்பட்டபின் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி சுமக்க உரிமம் கேட்டார். அலபாமாவில் அது மறுக்கப்பட்டது. 1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குத் துப்பாக்கியோடு சென்றதும், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் சுமப்பதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். 2016இல் மினசோட்டாவில் உரிமம் பெற்ற கறுப்பின இளைஞர் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமே முன்கூட்டித் தெரிவித்தும் தம் காருக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். ஆயுதம் ஒன்றே, அதை ஏந்திய கையின் நிறத்தைப் பொறுத்து ஒருவர் காவலர் எனப்படுகிறார், மற்றவர் ஆபத்து எனப்படுகிறார். இயல்பு என்று பேசும் நூல்கள் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

அஸபிய்யா இல்லாத ஆயுதம்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். ஆயுதத்தைச் சுமந்து, எப்பக்கமும் நோக்கி நடக்கும் அமெரிக்கர் பாலை மனிதரைப் போன்றே தோன்றுகிறார். ஆனால் இப்னு கல்தூன் ஆயுதத்தைத் தனித்துப் பேசவில்லை. சில பக்கங்களுக்குப் பின்னரே அவர் அஸபிய்யாவைப் பேசுகிறார். ஒருவருக்காக ஒருவர் உயிர்கொடுக்கும் குலப்பிணைப்பு இல்லாதவர் பாலையில் வாழவே இயலாது என்கிறார். பாலை மனிதனின் வாள் அவனுடையது மட்டுமன்று, அவன் குலத்தினுடையது. அவன் தவறிக் கொன்றுவிட்டால் இரத்த ஈட்டுத் தொகையை அவன் தந்தைவழி உறவினரான ஆகிலா சுமந்தாக வேண்டும் என்பது பண்டை அரபு வழக்கம். எனவே அவன் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமையும் கடமையும் அவர்களுக்கு இருந்தன.

ஆயுதம் மிகுந்த இரண்டாம் நாடான யமனை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள குலங்களுக்கிடையே பிணக்கு நேர்ந்தால், இரு தரப்பினரும் தம் துப்பாக்கிகளையோ ஜன்பிய்யா என்னும் குத்துவாள்களையோ நடுவரிடம் பிணையாக ஒப்படைப்பது வழக்கம். மானத்தின் சின்னமாகிய ஆயுதமே சமாதானத்துக்குப் பிணையுமாகிறது. இவ்வழக்கத்தை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. 2014 முதல் அந்நாட்டைச் சிதைத்த போரை எந்த நடுவராலும் தடுக்க இயலவில்லை. ஆயினும் ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்னும் அறிவு அங்கே இருக்கிறது.

அமெரிக்க உரிமையாளருக்கு ஆகிலா யார்? தற்காப்பு என்று சுட்டுவிட்டு வழக்கில் சிக்குவோருக்காகக் காப்பீட்டுத் திட்டங்கள் அங்கே விற்கப்படுகின்றன. 2017இல் ரைபிள் சங்கமே அத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. மறு ஆண்டில் நியூயார்க் மாநில அதிகாரிகள் அதைச் சட்டவிரோதம் என்றனர். உறவினர் சுமந்த பொறுப்பை மாதச் சந்தா சுமக்கிறது. உறவினர் பொறுப்பைச் சுமந்தபோது கையையும் தடுத்தனர்; காப்பீடு தடுப்பதில்லை. சங்கங்களிலும் சுடும் களங்களிலும் தோழமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, களஆய்வாளர்கள் அதை அழகாகவே வரைந்துள்ளனர். ஆனால் ஒரே உணர்வைப் பகிர்வது வேறு. ஒருவர் செயலுக்கு மற்றவர் பொறுப்பேற்பது வேறு. முன்னது கூட்டம், பின்னதே அஸபிய்யா.

பழகியவர்கள் அச்சத்தைப் புரிந்துகொண்டனர். எண்ணியவர்கள் இழப்பைக் கணக்கிட்டனர். அவ்வச்சமே இவ்விழப்பாக மாறும் இடமாகிய தனிமையை இருதரப்பாரும் போதிய அளவு பேசவில்லை என்பதே என் குறை. பாலை மனிதனின் விழிப்பு அவனிடம் இருக்கிறது. அவ்விழிப்பைத் தாங்கிய குலம் இல்லை. நகரத்தானின் மதில் இருக்கிறது; அம்மதில் தந்த உறக்கம் இல்லை. அந்நியனை எதிர்பார்த்துக் கண்விழித்திருப்பவன் அறைக்குள் தானும் தன் ஆயுதமும் மட்டுமே மிஞ்சியிருப்பதைக் காண்கிறான். 27,300 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது.

இந்நோய்க்கு மருந்தும் அம்மக்களிடமிருந்தே முளைக்கக் காண்பது ஆறுதல். 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு வாரத்துக்குள் மூவர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சென்று சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டனர். இதையறிந்து கலங்கிய கடைக்காரர்கள், பொதுச் சுகாதார ஆய்வாளர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். வாங்க வருபவரின் முகத்தில் துயரம் தெரிந்தால் விற்காதிருக்கவும், மனமுடைந்த நண்பரின் துப்பாக்கியைச் சிறிது காலம் வாங்கி வைத்துக்கொள்ளவும் அறிவுறுத்தும் முயற்சி அங்கே தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. அரசு பறித்ததன்று; எதிரணியார் இழித்துரைத்துப் பெற்றதுமன்று. நம்பிக்கைக்குரிய ஒருவர், “இதைச் சில நாள் என்னிடம் கொடுத்து வை” என்று கேட்டார், மற்றவர் கொடுத்தார். யமன் மலைகளில் நடுவரிடம் ஒப்படைக்கப்படும் குத்துவாளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஒரு நாடு முழுவதற்கும் இது போதாது, சட்டமும் வேண்டும். வன்முறை காரணமாகக் குடும்பத் தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது அத்தகைய சட்டத்துக்கு ஒரு சான்று. ஆனால் மனிதர் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் இடத்தில்தான் சட்டத்துக்கும் வேர் பிடிக்கிறது.

அம்மாணவர் இப்போது பட்டம் பெற்று வேறொரு கல்லூரியில் பாடம் சொல்கிறார். அவர் வகுப்பிலும் யாரேனும் இவ்வினாவை எழுப்பக்கூடும். எழுப்பினால், நான் அன்று சொன்ன விடையை அவர் சொல்லக்கூடாது. அமெரிக்கர் பித்தருமல்லர், பாலை மக்களுமல்லர். மதிலுக்குள் இருந்தபடியே அதன்மேல் நம்பிக்கை இழந்து, ஆயுதத்தை எடுத்துக்கொண்ட பின்னரும் அதைத் தாங்கும் உறவைக் கண்டடையாத நகரத்தார் என்று அவர் சொல்லட்டும். காவலர்மீதும் அண்டை வீட்டார்மீதும் நம்பிக்கை தேய்ந்து, வாயில்களுக்குப் பூட்டும் கண்காணிப்புக் கருவியும் பெருகிவரும் நம் நகரங்களுக்கும் அவ்விடையில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது என்பதை மாணவர்கள் தாமே உணர்ந்துகொள்வர்.